மறுமொழி: கைச்சுத்தியலா, சுத்தியற்கையா?

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளங்கையால் தட்டித் தட்டியே ரத்தக்குழாய் கெட்டு வரும் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதைப் பற்றிய துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், நாம் இன்னும் அந்தக் குழாயைச் சொல்லத் தமனியா நாடியா என்பதிலேயே நிற்கிறோம். தமனி வடசொல் என்று ரங்கூன் ஐயா தள்ளுகிறார். சரி, நாடி மட்டும் எங்கிருந்து வந்ததாம்? இலங்கைப் பாடநூலில் அது பொருந்தும். இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் என் வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்கு நாடி என்றால் வைத்தியர் பிடித்துப் பார்ப்பது. ரத்தக்குழாய் என்றே போடுகிறேன்.

நோயின் பெயருக்கு வருவோம். 1970இல் ஆங்கிலத்தில் வைத்த பெயரிலும் (hypothenar hammer syndrome) சுத்தியல் உண்டு, ஆனால் சுத்தியலால் அடிபட்ட கை என்று பொருளில்லை; கையையே சுத்தியலாக்கியவருக்கு வருவது. என் அப்பா கார் பட்டறையில் வீல் கப்பை உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டால்தான் தட்டிப் பொருத்துவார், ரப்பர் சுத்தியல் காலடியிலேயே கிடக்கும். அந்த மேட்டுக்குள் கொக்கி போல நீட்டிய எலும்பு ஒன்று இருக்கிறது, ரத்தக்குழாய் அதை ஒட்டிப் போகிறது, மேலே மெல்லிய தசையும் தோலும் கொழுப்பும்தான். தட்டத் தட்ட உள்சுவர் சிதைந்து ரத்தம் உறையும், அல்லது குழாய் புடைக்கும். உறைந்த துணுக்கு விரலில் போய் அடைக்கும். அப்பாவின் மோதிரவிரல் நுனி மெழுகாக வெளுத்தது, கட்டைவிரலுக்கு ஒன்றுமில்லை. குளிர் என்றே இருந்துவிட்டோம். வாலிபால், கராத்தே ஆடுகிறவர்களுக்கும் இது வரும்.

மலர்க்கை உவமை, கைம்மலர் உருவகம் என்று படித்தோமே, அதே கணக்கு இங்கேயும். சுத்தியற்கை என்றால் சுத்தியல் போன்ற கை. கைச்சுத்தியல் என்றால் கையே சுத்தியல். நோய் இரண்டாவதில்தான் இருக்கிறது. கடையில் கேட்டால் சின்னச் சுத்தியலை எடுத்துக் கொடுப்பார்கள் என்று மொரீசியஸ் அக்கா சொல்வது நியாயம், அதனால்தான் பின்னால் ‘நோய்’ சேர்க்கிறேன்.

ஐயாவின் ‘அங்கைச்சம்மட்டி’ அழகு; அகம், கை சேர்ந்து அங்கை, அதாவது உள்ளங்கை, ஆவதற்கு நன்னூலில் விதியே இருக்கிறது. ஆனால் வகுப்பில் அங்கை என்றேன், ஒருவருக்கும் புரியவில்லை. ரேகை பார்க்கிறவர்கள் சொல்லும் சந்திர மேடு என்றேன், ஒரு பாட்டி சட்டென்று சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினார். மருத்துவத் தாளில் சோதிடமா என்று ஐயா கோபிப்பார், இருந்தாலும் இடம் சொல்ல அந்தச் சொல் இருக்கட்டும்.

இதுவரை ஐந்து பேர் ‘கைச்சுத்தியல் நோய்’ என்கிறார்கள், ஐயா ஒப்பவில்லை. வியாழன் இரவுக்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றுகிறேன். ‘சிகரெட்டை விடுங்கள்’ என்ற வரியை மட்டும் யாரும் வெட்டவேண்டாம், புகை இந்த அடைப்பை இன்னும் மோசமாக்கும்.