மறு: பிடரிக்குக் கீழுள்ள தசைகள் – "விடுவிப்பு" வேண்டாமே

> "மண்டையோட்டுக் கீழ்த்தசை விடுவிப்பு" என்றே வைத்துவிடலாம், பொருள் நேரடியாக வருகிறது.

கையேட்டில் suboccipital release என்ற கைச்சிகிச்சைக்கு வைக்கும் தமிழ்ப் பெயராக அதில் பொருள் வருகிறது அண்ணா, ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு "விடுவிப்பு" என்று வாசித்தால் முதலில் படையினர் வசமிருந்த காணி விடுவிப்புத்தான் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கைதிகள். கழுத்துக்கு அது எதற்கு? இறுகினது இளகும் என்பதுதான் நம் வாயில் வருவது, சைக்கிள் கடையில் நட்டு இளக்கமாக இருக்கிறது என்பதும் அதே சொல்தான், எனவே "இளக்கல்" போதும். "தளர்த்தல்" பிழையில்லை, ஆனால் கூடவே தளர்ச்சியும் வயதும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சிக்கல் முன்பாதியில்தான். மண்டையோட்டுக்குக் கீழே என்றால் தாடையும் கீழேதான் இருக்கிறது. நாம் சொல்வது மண்டையோட்டின் பின்னடிக்கும் முதல் இரண்டு கழுத்து முள்ளென்புகளுக்கும் நடுவில், பக்கத்துக்கு நான்காக ஆழத்தில் கிடக்கும் சின்னத் தசைகளை. முகத்தை முன்னே நீட்டிக் கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தால் இவை மணிக்கணக்கில் சுருங்கியே கிடக்கும், அப்புறம் பின்மண்டையில் தொடங்கும் தலையிடி கண்ணுக்கு மேல்வரை வரும். வெறும் "பிடரித் தசை" என்றால் தோள்வரை விரியும் பெரிய தசையும் அதில் அடங்கிவிடும். இங்கே ஆட்கள் பிடரி உளைகிறது என்று கை வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பெரிய தசையில்தான். "பிடரியடித் தசை" என்று ஒருவர் எழுதியிருந்தார். யார் அடித்தது என்று கேட்பார்கள்!

என் முன்மொழிவு: பிடரிக்குழித் தசை இளக்கல். செய்முறையே குழியில்தான் தொடங்குகிறது. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைமாட்டில் இருந்து, இரண்டு கை விரல் நுனிகளையும் மண்டையோட்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே நிமிர்த்தி வைக்கிறோம். நாம் அழுத்துவதே இல்லை, தலையின் பாரம்தான் விரலில் இறங்குகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தசை விட்டுக்கொடுப்பது விரலுக்கே தெரியும், தாடையும் மெல்லக் கழுத்துப் பக்கம் சாயும். அதனால் அழுத்தல், உருவல், பிடித்துவிடல் எதையும் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் பிடரிக்காலம் என்ற வர்மத்தைச் சொல்வார்கள், அடிபடக் கூடாத இடம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முள்ளென்பு நாடியும் அந்தப் பக்கத்தால்தான் வளைந்து ஏறுகிறது. விபத்தில் அடிபட்ட கழுத்து, தலைச்சுற்று, திடீரென்று வந்த கடும் தலையிடி என்றால் முதலில் வைத்தியர் பார்க்கட்டும் என்ற வரி கையேட்டில் சொல்லுக்குப் பக்கத்திலேயே வரவேண்டும், அடிக்குறிப்பில் போட்டால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

"நெகிழ்த்தல்"தான் வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அதற்கு நான் பெரிதாகச் சண்டை பிடிக்க மாட்டேன். குழியை மட்டும் எடுக்காதீர்கள்.