அந்தரா ஊசியா, சாயா மாத்திரையா? (தாராவி)

கோலிவாடா வாசி: குழந்தைக்கு 3 மாசம், தாய்ப்பால்தான். மாதவிலக்கு இன்னும் திரும்பலை. காப்பர்-டி வேண்டாம். ஹெல்த் போஸ்டில் (மாநகராட்சி சுகாதார மையம்) இந்த ரெண்டு கருத்தடையும் இலவசமாமே, எது சரி அக்கா?

செவிலி அக்கா: பால் கொடுக்கிறவங்களுக்கு ரெண்டுமே ஆகும்மா, அந்தராவுக்கு மட்டும் பிரசவமாகி 6 வாரம் தாண்டியிருக்கணும். முதல்ல கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணுவாங்க, பி.பி. பார்ப்பாங்க. 3 மாசத்துக்கு ஒரு ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, ஒத்தடமும் வேண்டாம். மருந்து சீக்கிரம் கரைஞ்சு, பலன் முன்கூட்டியே குறைஞ்சிடும். முதல் ஊசிக்கப்புறம் 7 நாள் ஆணுறை. அடுத்ததை 2 வாரம் முன்னாடியோ 4 வாரம் பின்னாடியோ போடலாம், அதைத் தாண்டினா மறுபடி கர்ப்பச் சோதனைதான்.

பலர் பாதியில் விடுறதுக்குக் காரணம் ரத்தப்போக்கு: முதல்ல திட்டுத்திட்டா படும், போகப்போக மாதவிலக்கே நிற்கலாம். அழுக்கு ரத்தம் உள்ளே தேங்குதுன்னு பயமுறுத்துவாங்க, அப்படி எதுவும் தேங்காது.

மருந்தாளுநர்: சாயாவில் ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாசம் வாரம் ரெண்டு, ஞாயிறும் புதனும்னு வச்சுக்கோங்க. அப்புறம் ஞாயிறு மட்டும். தப்பு நடக்கிறது இந்த மாற்றத்தில்தான். மறந்தா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை. 7 நாளுக்கு மேல் விட்டுப்போச்சுன்னா முதலிலிருந்து. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி), சமீபத்திய மஞ்சள் காமாலை இருந்தா வேண்டாம்.

செவிலி அக்கா: ஒண்ணு விட்டுட்டேன். அந்தராவை நிறுத்தினா கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாசம் ஆகும். அடுத்த பிள்ளைக்கு அதைக் கணக்குப் பண்ணி நிறுத்துங்க.