நின்றுபோன மணிக்கூடும் நிலாவெளிப் பயணமும்

*வெள்ளவத்தைக் குடும்பம்*

*திங்கள், காலை 7.05*
நிரோஷன்: மாமா, வணக்கம். அலுவலக நண்பரிடம் சென்ற வாரம் வாங்கிய சீக்கோ டைவர் (நீர்மூழ்குவோர்) மணிக்கூட்டை வெள்ளி இரவு 10 மணிக்குக் கழற்றி மேசையில் வைத்தேன். இன்று பார்த்தால் நின்றிருக்கிறது. பற்றரி மாற்ற வேண்டுமா, அல்லது நான் ஏமாந்துவிட்டேனா?

அக்கா: பற்றரியே இல்லாத ஒட்டோமற்றிக் மணிக்கூட்டுக்குப் பற்றரி தேடுகிறான். மாமா, நீங்களே பதில் சொல்லுங்கள்.

மாமா: ஏமாறவில்லை, மருமகன். அதற்குள் இருக்கும் 4ஆர்36 இயந்திரம் முழுதாக முறுக்கேறியிருந்தால் ஏறத்தாழ 41 மணித்தியாலம் ஓடும். ஆகவே முழு முறுக்கு இருந்திருந்தாலும் அது ஞாயிறு பிற்பகல் 3 மணியளவில் நின்றிருக்கும். ஒட்டோமற்றிக் மணிக்கூடு கையின் அசைவால்தான் முறுக்கேறும், நாள் முழுவதும் கணினி முன் இருப்பவரின் கையில் முழு முறுக்கு ஏறுவதும் அரிது. முகப்பில் 4 மணி எண்ணின் பக்கத்திலுள்ள குமிழை இடப்புறமாகத் திருகித் திறந்து, பிறகு வலப்புறமாக 20, 30 சுற்றுச் சாவி கொடும். கூடுதலாகச் சுற்றினாலும் சுருள் வில் வழுக்குமே தவிர அறுந்துவிடாது. திகதியை மாற்றுமுன் முட்களை 6 மணிக்குக் கொண்டுவாரும், ஏனெனில் இரவு 9 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை திகதியை மாற்றும் சக்கரங்களின் பற்கள் பிணைந்திருக்கும். அந்த நேரத்தில் வற்புறுத்தித் திருப்பினால் அவை உடையக்கூடும்.

*வியாழன், இரவு 8.40*
நிரோஷன்: நன்றி மாமா, ஓடுகிறது. ஆனால் நாளொன்றுக்கு 12 செக்கன் முந்துகிறது. திருத்தக் கொடுக்கட்டுமா?

மாமா: வேண்டாம். இந்த இயந்திரத்துக்குத் தயாரிப்பாளரே நாளொன்றுக்கு 45 செக்கன் முந்தவும் 35 செக்கன் பிந்தவும் இடம் கொடுத்திருக்கிறார். ஒரு நாளின் 86,400 செக்கன்களில் 12 என்பது நல்ல கணக்கே. திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் மட்டும் காந்தம் ஏறியிருக்கலாம் என்று சந்தேகியும். ஒலிபெருக்கி, டப்ளட் உறையின் காந்தப் பூட்டு போன்றவற்றின் அருகில் வைத்தால் ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் அதைச் சரிசெய்யச் சில வினாடிகள் போதும்.

அம்மா: தம்பி, நிரோஷன் அடுத்த மாதம் நிலாவெளிக்குப் போகும்போது அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கப் போகிறானாம். 200 மீற்றர் என்று எழுதியிருக்கிறது என்கிறான். அங்குள்ள புறாத்தீவுப் பவளப்பாறையில் எங்கே 200 மீற்றர் ஆழம்?

மாமா: அக்கா, ஆழம் பிரச்சினையே இல்லை. ஐஎஸ்ஓ 6425 தரப்படி டைவர் என்று விற்கப்படும் மணிக்கூட்டை, குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிடக் கால்பங்கு அதிகமான அழுத்தத்தில் சோதிப்பார்கள். 200 மீற்றருக்கு 250 மீற்றரின் அழுத்தம். ஆனால் அது புதிதாக இருந்தபோது நடந்த சோதனை. தண்ணீரை உள்ளே விடாத றப்பர் வளையங்கள் வெயிலிலும் வியர்வையிலும் சவர்க்காரத்திலும் இறுகிப்போகும். நான் திருத்தவேலை செய்த நாட்களில் ஒருவர் கொண்டுவந்த 200 மீற்றர் மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றியபோது, வளையம் பழைய அப்பளம்போல் துண்டு துண்டாக நொறுங்கி விழுந்தது. கை அசையும்போது சுழன்று முறுக்கேற்றும் சுழல் எடையின் ஓரம் முழுவதும் பழுப்புத் துரு. பாவித்த மணிக்கூடு என்பதால் பயணத்துக்கு முன் அழுத்தச் சோதனை செய்தே ஆகவேண்டும். கடலிலிருந்து வந்ததும் குமிழ் மூடியிருப்பதை உறுதிசெய்து, குழாய்த் தண்ணீரில் முகப்பைச் சுற்றியுள்ள வெளிவளையத்தைச் சுழற்றிச் சுழற்றி உப்பையும் மணலையும் கழுவும். சுடுநீர்க் குளியலுக்கு மட்டும் கட்டவேண்டாம்.

நிரோஷன்: அந்த வெளிவளையம் ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, மாமா?

மாமா: நீரில் இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்கத்தான் அந்த வளையம். தெரியாமல் எதிலாவது இடிபட்டால், நீருக்கடியில் கழிந்த நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் தெரியவேண்டும், அப்போது ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். அது இருக்கட்டும், திங்கட்கிழமை சாவி கொடுத்த பிறகு குமிழை மூடினீரா? முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்ப, புரி பொருந்தும்போது விரலுக்கு ஒரு சிறு துள்ளல் தெரியும். அதன்பின் அழுத்தி வலப்புறமாகத் திருகவேண்டும்.

நிரோஷன்: மாமா, இப்போதுதான் பார்க்கிறேன். நான்கு நாட்களாகத் திறந்தபடியே இருந்திருக்கிறது.

மாமா: அதோடு குளித்தீரா?

நிரோஷன்: கைதான் கழுவினேன். இரண்டு தடவை மழையிலும் நனைந்தது.

மாமா: விளக்கின் கீழே பிடித்து, கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருக்கிறதா என்று பாரும். படிந்திருந்தால் காலையில் வேலைக்குப் போகுமுன் என்னிடம் கொண்டுவாரும்.