கங்கோத்ரி பனிப்பாறை 22 வருடத்தில் பெரிதாகியிருக்கிறதாம்! எங்கே தப்பு? அவசரம்

திவ்யா_புவி | வெள்ளி, இரவு 11:42

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காகக் கங்கோத்ரி பனிப்பாறை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சாட்டிலைட் படத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 2001-க்கு 312 சதுர கி.மீ. வருகிறது. 2023-க்கு 447. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. என்டிஎஸ்ஐ (பனியைக் காட்டும் எண்) 0.4-க்கு மேல் இருப்பதை மட்டும்தான் எடுத்தேன். கோடை நாலு தடவை பார்த்துவிட்டேன், தப்பே இல்லை. திங்கட்கிழமை ரிவ்யூ. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பிக்சல்பாண்டி | இரவு 11:58

எந்த சாட்டிலைட்? எந்த மாதம்? எந்தெந்த பேண்டு, அதாவது ஒளி அலைவரிசை? எல்லையை எங்கிருந்து எடுத்தீர்கள்? படம் ஒன்றுகூடப் போடவில்லை. அப்புறம், "கோடை நாலு தடவை பார்த்தேன்" என்றால் புரோகிராமையா, வெயில் காலத்தையா? இந்த வேலையில் இரண்டுமே முக்கியம்.

மேப்மணி | இரவு 12:10

ப்ரொஜெக்‌ஷனைப் பாருங்கள்.

பிக்சல்பாண்டி | இரவு 12:13

வந்துட்டாரய்யா. போன மாதம் ஒருவர் பிளாட்டர் (பெரிய வரைபடம் அச்சிடும் இயந்திரம்) ஓடவில்லை என்று புலம்பியபோதும் இவர் ப்ரொஜெக்‌ஷன் என்றுதான் சொன்னார்.

நிலவரையர் (மூத்த உறுப்பினர்) | இரவு 12:40

தம்பி, அடிப்படை தெரியாமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். என்டிஎஸ்ஐ பனியாற்றைக் கண்டுபிடிக்காது, வெண்பனியைத்தான் கண்டுபிடிக்கும். பச்சை பேண்டில் பனி பளிச்சென்று தெரியும், குறுஅலை அகச்சிவப்பில் கருத்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது என்டிஎஸ்ஐ. நேற்று ராத்திரி பாறைமேல் விழுந்த பனிக்கும் 300 வருடப் பழைய பனிக்கட்டிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. மழைக்காலம் முடிந்து, குளிர்காலப் பனி விழத் தொடங்குவதற்கு முன், அதாவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ எடுத்த படம்தான் இதற்கு ஆகும். ஜூலை, ஆகஸ்டில் மேகம் விடாது. இதை எங்கள் காலத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள்.

தென்றல்_ஆர்எஸ் | இரவு 1:05

மாதம் தெரியாமல் அதற்குள் தீர்ப்பா சார்?

எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, பேண்டு எண். லேண்ட்சாட் 7 சாட்டிலைட்டில் பச்சை 2, குறுஅலை அகச்சிவப்பு 5. லேண்ட்சாட் 8-இல் அவை 3, 6. பழைய எண்ணையே 8-க்கும் போட்டால் நீலமும் அருகு அகச்சிவப்பும் உள்ளே வந்துவிடும். ஆனால் பனி அந்த இரண்டிலுமே பளிச்சென்று இருக்கும், விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் மாஸ்க்கே (பனி என்று குறிக்கப்பட்ட பகுதி) காலியாகியிருக்கும். உங்களுக்குக் கூடியிருக்கிறது. அதனால் இது இல்லை.

இரண்டாவது, கலெக்‌ஷன் 2, லெவல் 2 படம் (லேண்ட்சாட் படத்தின் திருத்தப்பட்ட வடிவம்) என்றால் பிக்சல் மதிப்பை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தீர்களா? விகிதம்தானே, பெருக்கல் அடிபட்டுப் போய்விடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெருக்கல் அடிபடும், அந்த 0.2 அடிபடாது. பச்சை 0.6, குறுஅலை 0.1 இருக்கும் பனிக்கு உண்மையான என்டிஎஸ்ஐ 0.71. கழிக்காமல் விட்டால் 0.45. கொஞ்சம் அழுக்கான பனியாக இருந்தால் 0.4-க்குக் கீழே போயிருக்கும்.

திவ்யா_புவி | சனி, காலை 6:50

நான் தம்பி இல்லை சார்.

லேண்ட்சாட் 7, லேண்ட்சாட் 8. இரண்டுமே மேகம் இல்லாத படம்தான். பேண்டு எண் சரி, 0.2-உம் கழித்துவிட்டேன். எல்லைக்கு நானே ஒரு பெட்டி வரைந்தேன். மாஸ்க்கில் விழுந்த பிக்சலை எண்ணி 900-ஆல் (30 × 30 மீட்டர்) பெருக்கினேன். இன்னொன்று, பனிப்பாறை முடியும் கோமுகத்துப் பக்கம் மாஸ்க்கே விழவில்லை. அங்கே பனி இல்லையா? கிளாஸுக்குப் போகிறேன், சாயங்காலம் பார்க்கிறேன்.

பிக்சல்பாண்டி | காலை 7:02

மாதம்!!

சொல்லேர் | காலை 9:15

கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் தலைப்பில் "பனிப்பாறை" தவறு. டைட்டானிக் மோதியது பனிப்பாறை. இது பனியாறு. ஆறு மாதிரி நகர்வதால்தான் அந்தப் பெயர்.

பிக்சல்பாண்டி | காலை 9:31

செய்தித்தாளில் எல்லாம் "பனிப்பாறை உருகியது" என்றுதானே போடுகிறார்கள்? எல்லோருக்கும் புரிகிறதே.

சொல்லேர் | காலை 9:40

புரியவில்லை என்பதுதான் என் வாதமே. "பனிப்பாறை வெடித்து வெள்ளம்" என்று தலைப்புப் போடுகிறார்கள். படிப்பவர் மனதில் ஒரு பாறாங்கல் வெடிக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் உடைந்தது பனியாற்று ஏரி. பள்ளிப் புத்தகம் பனியாறு என்று சரியாகத்தான் சொல்கிறது, பத்திரிகைக்குத்தான் பிடிக்கவில்லை.

நிலவரையர் (மூத்த உறுப்பினர்) | காலை 10:05

நான் மேலே பனியாறு என்றே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

வெயில்காத்தான் | காலை 10:22

இமயமலைப் பனியெல்லாம் 2035-க்குள் காணாமல் போகும் என்று ஐநா குழுவே எழுதிவிட்டுப் பின்வாங்கவில்லையா? பொண்ணுக்கு வந்த விடைதான் சரியோ என்னவோ. யார் கண்டது.

தென்றல்_ஆர்எஸ் | காலை 10:50

2007 அறிக்கையில் இருந்த ஒரு தவறு அது. 2010 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆண்டு தப்பு என்பதற்காக உருகவே இல்லை என்று ஆகிவிடாது. இமாசலத்தின் லாஹௌலில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் ஆள் ஏறிப்போய்க் கழி நட்டு அளக்கிறார்கள். மொத்தத்தில் இழப்புதான். காரகோரத்தில் சில பனியாறுகள் ஏறக்குறைய அப்படியே நின்றது உண்மை, ஆனால் கங்கோத்ரி காரகோரத்தில் இல்லை.

மலையேறி | காலை 11:30

கோமுகக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. கங்கோத்ரி கோயிலிலிருந்து சீர்பாசா, போஜ்பாசா வழியாக 18 கி.மீ. போல நடந்து அங்கே போயிருக்கிறேன். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துப் போனால், எதிரே நிற்பது கல்குவாரி. சாம்பல் மண், ஆட்டுக்கல் அளவிலிருந்து லாரி அளவுவரை பாறைகள். அடியில் பாகீரதி வெளியே வரும் இடத்தில் மட்டும் செங்குத்தாக ஒரு சுவர், அழுக்கு நீல நிறத்தில். அதுதான் பனி. வெயில் ஏற ஏற அதிலிருந்து சின்னக் கற்கள் டக் டக்கென்று விழுந்துகொண்டே இருந்தன. கிட்டே போகாதே என்று வழிகாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அந்தக் கல் போர்வை கீழ்ப்பகுதியில் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. சாட்டிலைட்டுக்கு அது வெறும் பாறை, என்டிஎஸ்ஐ என்ன செய்யும்? அடியில் பனி இருக்கத்தான் செய்கிறது. பெட்டி வரைந்ததைவிட ராண்டால்ஃப் என்ற உலகப் பனியாற்றுப் பட்டியலில் இருக்கும் எல்லையை இறக்கிக்கொண்டு, மூக்குப் பகுதியை (கீழ்முனையை) கையால் வரையுங்கள். கையால் வரைவது கேவலம் இல்லை, அனுபவம் உள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கங்கோத்ரியின் மூக்கு பின்வாங்குவது வருடத்துக்குச் சுமார் 20 மீட்டர். லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர். ஒரு வருட வித்தியாசத்தை அதில் தேடாதீர்கள். 22 வருடம் என்றால் தெரியும். 2015-க்குப் பிறகு 10 மீட்டர் பிக்சல் உள்ள சென்டினல்-2 சாட்டிலைட் இருக்கிறது.

இன்னும் சுலபமான வேலை வேண்டுமென்றால் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரின் கரை தெளிவாக இருக்கும். இமாசலத்தின் கேபாங் காத் ஏரி 1989-இல் 36 ஹெக்டேர் இருந்து 2022-இல் 101 ஆனதாக இஸ்ரோ வெளியிட்டதே, அதுவும் இப்படிப் படத்தில் அளந்ததுதான்.

சொல்லேர் | காலை 11:44

"மூக்கு" நல்ல சொல். ஆனால் அங்கே அதற்கு ஏற்கனவே முகம் இருக்கிறது. கோமுகம் என்றால் பசுவின் முகம்.

நிலவரையர் (மூத்த உறுப்பினர்) | மதியம் 12:20

எடுத்த ப்ராஜெக்ட்டை விட்டு ஏரிக்குப் போகச் சொல்வது நல்ல யோசனை இல்லை. பருவம்தான் பிரச்சினை என்று நேற்றே சொல்லிவிட்டேன்.

மேப்மணி | மதியம் 1:35

சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள். கங்கோத்ரி அட்சரேகை 30.9 பக்கம். அதன் கொசைன் 0.858. உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைதான் ப்ரொஜெக்‌ஷன். கூகுள் மேப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற முறையில், அதாவது ஈபிஎஸ்ஜி (இந்த முறைகளுக்கான எண்பட்டியல்) 3857-இல், அந்த இடம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 1.165 மடங்கு இழுபடும். பரப்பு 1.36 மடங்கு. 30 மீட்டர் என்று சொல்லி எக்ஸ்போர்ட் செய்த பிக்சல் தரையில் 25.7 மீட்டர்தான். 900 என்று நீங்கள் பெருக்கிய ஒவ்வொன்றும் உண்மையில் 663 சதுர மீட்டர்.

447-ஐ 1.36-ஆல் வகுங்கள். 329. உங்கள் 312-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? 2023 படத்தை மட்டும் 3857-இல் சேமித்தீர்களா என்று பாருங்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் முதல் லேயராகக் கூகுள் மேப்பை இழுத்துப் போட்டால் ப்ராஜெக்ட்டே 3857-க்குப் போய்விடும், சத்தமே வராது. இரண்டையும் அந்தப் பகுதிக்குரிய, மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு முறைக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32644-க்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள்.

பிக்சல்பாண்டி | மதியம் 1:41

...

பிக்சல்பாண்டி | மதியம் 1:42

பிளாட்டர் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. இதில் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

திவ்யா_புவி | மாலை 6:18

ஐயோ, ஆமாம்! பின்னணி மேப்போடு பொருந்தவேண்டும் என்று 2023-ஐ மட்டும் 3857-இல் எடுத்திருக்கிறேன். மாற்றிவிட்டேன், 329. மணி அண்ணா, கோடி நன்றி. ஆனால் இன்னும் 17 கூடத்தான் இருக்கிறது, அதை என்ன செய்ய? 2001 படம் செப்டம்பர், 2023 படம் நவம்பர்.

நிலவரையர் (மூத்த உறுப்பினர்) | மாலை 6:25

நவம்பர்.

பிக்சல்பாண்டி | மாலை 6:26

19 மணி நேரம் கழித்து மாதம் வந்தது. நவம்பரில் மேலே புதுப் பனி விழுந்திருக்கும், சரிவில் கிடப்பதெல்லாம் உங்கள் பெட்டிக்குள் எண்ணப்பட்டிருக்கும். சூரியனும் தாழ்ந்துவிடும், காலை 10 மணி வாக்கில் எடுத்த படத்தில் வடக்குச் சரிவெல்லாம் நிழல். 2023 செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரப் படங்களைத் தேடுங்கள். ஒன்றில் மேகம் இருந்தால் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டலாம். மலையேறி சொன்ன எல்லையையும் போடுங்கள். வந்த விடையை இங்கே சொல்லுங்கள்.

பிக்சல்பாண்டி | புதன், இரவு 9:10

ரிவ்யூ என்ன ஆச்சு?

சொல்லேர் | வியாழன், காலை 8:00

தலைப்பை "பனியாறு" என்று திருத்தலாமே, மட்டறுத்துநர் யாராவது இருக்கிறீர்களா?

புதியவன்_07 | ஞாயிறு, இரவு 10:55

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் சியாச்சின், என்னுடையது பாதியாகக் குறைகிறது. கோட் சரி. அவசரம்.

பிக்சல்பாண்டி | இரவு 11:03

எந்த மாதம்?

மேப்மணி | இரவு 11:04

ப்ரொஜெக்‌ஷனைப் பாருங்கள்.