பழைய மஹிந்திரா எம்.எம். 540 வாங்கலாமா? ஆசை விடமாட்டேன் என்கிறது

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரை. வீட்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது, ஆபீசுக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் அது போதும். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் 1994 மாடல் எம்.எம். 540 ஜீப் ஒன்றை விற்கப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை. பெஜோ டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ், கேன்வாஸ் டாப், கதவுகூடத் துணிதான். மூன்று லட்சம் சொல்கிறார், உட்கார்ந்து பேசினால் குறைப்பார் போலத் தெரிகிறது.

இந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் உள்ள நல்ல செகண்ட் ஹேண்ட் கார் கிடைக்கும், அது தெரியாமல் இல்லை. மஹிந்திராவின் புது ‘தார்’ ஜீப்பும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நல்ல வண்டிதான், ஆனால் உள்ளே உட்கார்ந்தால் ஒரு காருக்குள் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தத் தட்டையான முன்கண்ணாடி, ஃபோர் வீல் போட இறங்கிப் போய்க் கையால் திருகிப் பூட்ட வேண்டிய முன் சக்கர ஹப், தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று லீவர்கள். ஆண்டிபட்டி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, மாதம் ஒரு தடவை அங்கே போவேன். முடிந்தால் மேகமலை, போடி மெட்டு. அவ்வளவுதான் உபயோகம்.

"இதை வைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

ஏலக்காட்டு டிரைவர்:

தம்பி, நான் கம்பம். எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்திலிருந்தே ஜீப்தான். விடியற்காலையில் கம்பம், தேவாரம், போடியில் நின்று பாருங்கள், ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் இடுக்கிப் பக்கம் போகிற ஜீப்புகள் வரிசையாக நிற்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுவதும் ஜீப்தான், அந்தக் கல்லுப் பாதையில் உங்கள் ஏசி காரை விட்டால் முதல் திருப்பத்திலேயே அடி தட்டிவிடும். அதனால் இந்த வண்டியை உதவாத வண்டி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற வண்டி. மதுரை பைபாஸில் ஓடுவது அதன் வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் வண்டியைத் தேடும் முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். மதுரையில் புது வண்டி பார்க்கிற கடைக்கு இதை எடுத்துப் போனால் கம்ப்யூட்டரை எங்கே செருகுவது என்று கேட்பார்கள். போடியிலும் கம்பத்திலும் இன்னும் தினமும் ஜீப் ஓடுவதால் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு) பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி) சீல், பிளேட் ஸ்பிரிங் புஷ் எல்லாம் அவர்களிடம் கைவசம் இருக்கும். அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைக் காட்டுங்கள், அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். பெஜோ எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் உண்டு, சாவியைத் திருப்பிக் கொஞ்சம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் குளிர்ந்த எஞ்சினும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறங்கள், அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, விலையில் எஞ்சின் வேலையைக் கழித்துப் பேச வேண்டும்.

அப்புறம் படுத்துக் கீழே போங்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து சேஸிஸில் பின் பிளேட் தொங்குகிற இடம், பேட்டரிக்குக் கீழே, குறுக்குச் சட்டம் சேரும் மூலை, இங்கெல்லாம் குத்திப் பாருங்கள். சேறு அடைத்து ஈரம் நிற்கும் இடங்கள் இவை. மேலே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் இருக்கும், குத்தினால் பொரபொரவென்று உதிரும். பாடியில் பட்டி வைத்திருந்தால் பரவாயில்லை, டின்கர் பார்த்துக்கொள்வார், சேஸிஸ் தின்றுபோயிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங்பின் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் மூட்டான டை ராடு எண்ட். கிங்பின் தேய்ந்த ஜீப் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறிவிடும், வண்டி நிற்கிற வரைக்கும் அந்த ஆட்டம் நிற்காது. பழகாதவர்கள் அதில் பயந்துவிடுவார்கள்.

கடைசியாக, ஃபோர் வீல் என்று அவர் சொன்னால் போதாது. ஒரு மண் ஏற்றத்தில் ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியர்) போட்டு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், லீவர் தானாக வெளியே துள்ளக் கூடாது. டூ வீல் ஜீப்பில் பிற்பாடு முன் ஆக்ஸில் மாட்டி விற்பதும் நடக்கிறது.

நொய்யல்:

நான் வாங்க வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், மன்னிக்கவும். மேலே அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை, ஆனால் அவர் பிழைப்புக்கு ஓட்டுகிறார், உடம்பில் ஊறியது. உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச், பெல்ட் கிடையாது, ஏர்பேக் கிடையாது, துணிக் கதவு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மேகமலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும்.

ஆசை அடங்கவில்லை என்றால் மாருதி ஜிப்ஸி பாருங்கள். 1985 கடைசியில் ஒரு லிட்டர் எஞ்சினோடு வந்தது, 1996-ல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங். பெட்ரோல், எடை ஒரு டன்தான், லோ ரேஞ்ச் உண்டு, ஹார்ட் டாப் வாங்கினால் மழையில் நனைய வேண்டாம். அதிலும் முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங்தான், முதுகு வலிக்கும், ஆனால் ஹைவேயில் லாரிக்காரன் பின்னால் ஹார்ன் அடிக்காத வேகத்தில் போகலாம்.

ஆர்.சி. பார்த்தவன்:

இரண்டு பேரும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் பேப்பரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

1994 வண்டிக்கு முதல் 15 வருடப் பதிவு (ஆர்.சி.) 2009-ல் முடிந்தது. அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதாவது 2014, 2019, 2024. கடைசியாகப் புதுப்பித்திருந்தால் 2029 வரை ஓடும், இல்லாவிட்டால் அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். 20 வருடம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள், பசுமை வரி தனி. இன்சூரன்ஸ் பெரும்பாலும் தர்ட் பார்ட்டிதான் போடுவார்கள், 1500 சி.சி.க்கு மேல் உள்ள சொந்த காருக்கு 2022-ல் நிர்ணயித்த தொகை 7,897 ரூபாய், வரி சேராமல். இந்த எஞ்சின் 2112 சி.சி., அந்தக் கணக்கில்தான் வரும். மாதம் ஒரு நாள் ஓட்டினாலும் இந்தச் செலவு குறையாது.

ஆர்.சி.யில் ஓன் போர்டா (சொந்த உபயோகம்) டி போர்டா (வாடகை) என்று பாருங்கள். எஞ்சின் நம்பரை வண்டியோடு ஒத்துப் பாருங்கள், இது ரொம்ப முக்கியம். பெஜோ எஞ்சினுக்கு சாமான் தேடுவது கஷ்டம் என்று பலர் மஹிந்திராவின் எம்.டி.ஐ. எஞ்சினை மாற்றிவிடுவார்கள், அதற்குச் சாமான் எங்கும் கிடைக்கும், ஓட்டவும் நன்றாக இருக்கும், ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரே ஜீப்பைப் புதிதாகக் கட்டித் தருவதற்குப் பேர் போனது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும், அகல டயர், புதுப் பாடி. அதை இங்கே கொண்டுவந்து பேர் மாற்றப் போகும்போதுதான் பேப்பரில் இருக்கிற வண்டிக்கும் முன்னால் நிற்கிற வண்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றார், புகை இல்லை. சேஸிஸில் பின்பக்கம் ஒரு இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள், ஆனால் பலமாகச் செய்திருக்கிறார்கள் என்கிறார். கிங்பின்னும் பின் பிளேட் புஷ்ஷும் மாற்ற வேண்டும். ஃபோர் லோவில் கண்மாய்க் கரையில் ஏற்றிக் காட்டினார், கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே அது பாட்டுக்கு ஊர்ந்து ஏறியது, அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

சிக்கல் என்னவென்றால் சேஸிஸ் நம்பர் படிக்க முடியவில்லை. கடைசி நாலு எண்கள் பெயிண்டுக்கு அடியில் மங்கலாக இருக்கின்றன. விற்பவர் நல்ல மனிதர், பேர் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்து வண்டியைப் பிடித்து வைக்கலாமா?

நொய்யல் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. பிள்ளைகளை இதில் ஹைவேயில் ஏற்ற மாட்டேன், நிலத்துக்குள் மட்டும்தான். இதை மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

ஆர்.சி. பார்த்தவன்:

பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தின்னர் நனைத்த துணியால் பெயிண்டை மெதுவாக எடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், எண் அழிந்தால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். அப்புறம் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுங்கள். எல்லா எண்களும் ஆர்.சி.யோடு ஒத்துப்போனால் அட்வான்ஸ் கொடுங்கள், ஒரு எண் சந்தேகமாக இருந்தாலும் விற்பவரே ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி எழுதி வாங்கித் தரட்டும். நல்ல மனிதர் என்றால் செய்வார்.

ஏலக்காட்டு டிரைவர்:

அவர் சொல்வதுதான் சரி தம்பி. ஊர்ந்து ஏறியது என்றீர்களே, கிளட்சும் கியர்பாக்ஸும் சுகமாக இருக்கின்றன, எண் சரியாக வந்தால் விடாதீர்கள். கிங்பின் வேலைக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுவிடும், மண்ணில் இறங்கிய பிறகு போடுங்கள். புஷ் வாங்க வரும்போது கம்பத்துக்கு வாருங்கள், நானே கடைக்குக் கூட்டிப் போகிறேன்.