வெள்ளை முடிக்காரி கதை: எங்கே மூடி வைத்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

என் தங்கை இரண்டே ராத்திரியில் முடித்த புத்தகத்தை நான் மூன்று முறை பாதியில் மூடி வைத்தேன். டோமி அடெயெமி எழுதி 2018இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மரபிலிருந்து எடுத்த தெய்வங்கள், ஒரிஷா என்றொரு கற்பனை நாடு, பதினோரு வருடத்துக்கு முன் மந்திரக்காரர்களைக் கொன்று குவித்த அரசன், போன மந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரக் கிளம்பும் ஸெலி. மந்திரக்காரர்களுக்குப் புத்தகத்தில் ‘மாஜி’ என்று பெயர். எனக்கு மாஜி மந்திரிதான் நினைவுக்கு வந்தார். சக்தி போனவர்கள் என்பதால் பொருத்தம்தான். உங்களுக்கு எப்படி இருந்தது? கதையை உடைத்துத்தான் பேசப்போகிறோம், இன்னும் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* * *

நான் ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டேன். வரி கேட்டு காவலர்கள் வரும் இடம். மந்திரம் வரக்கூடியவர்கள் என்பதற்கு அடையாளம் வெள்ளை முடி. அதோடு பிறந்தவர்களுக்கு வரி ஏறிக்கொண்டே போகும். கட்ட முடியாவிட்டால் கொத்தடிமை வேலைக்கு இழுத்துப் போவார்கள். ஸெலியின் அம்மாவைச் சங்கிலியில் தொங்கவிட்டதை எல்லாரும் சொல்வார்கள். என் வயிற்றைப் பிசைந்தது இந்த வரிதான். அம்மாவின் கொலை நடந்து முடிந்துவிட்டது, வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. பின்னால் இபேஜி அரங்கில் வேடிக்கைக்காகக் கப்பல் சண்டையில் இறக்கிச் சாகவிடுகிறார்களே, அவர்களும் இப்படிக் கடனில் மாட்டியவர்கள்தான் என்று புரிந்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

* * *

நான் எதிர்க்கட்சி. ஒரு சுருள், ஒரு எலும்புக் கத்தி, ஒரு சூரியக் கல். மூன்றையும் சேர்த்து, நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளுக்குள் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். பயணக் கதை என்றால் இப்படித்தான் என்பது சரி, ஆனால் அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

பெரிய குறை வேறு. ஸெலி, இளவரசி அமாரி, அவள் அண்ணன் இனான் மூன்று பேரும் மாறி மாறி ‘நான்’ என்று சொல்கிறார்கள். யார் பேசுவது என்று அத்தியாயத் தலைப்பில் பெயர் இருக்கும். என் கணவரிடம் கொடுத்து, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நடுவில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். ஏழு தடவை வாசித்தார், நாலு தடவை நான் தப்பாகச் சொன்னேன். 2019இல் இளையோர் நூலுக்கான லோட்ஸ்டார் விருது வாங்கிய புத்தகத்தையா குறை சொல்கிறாய் என்றார். விருது கொடுத்தவர்கள் கட்டைவிரலை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

* * *

இனான் விஷயம் யாரும் சொல்லவில்லையே? அவன் கூட்டிவந்த படை ஸெலியின் ஊரை எரிக்கிறது. கொஞ்சம் பக்கம் தள்ளினால் இருவரும் கனவில் சந்தித்து உருகுகிறார்கள். அந்த இடத்தில் நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

* * *

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அண்ணன் எடுத்த எடுப்பில் கேட்டார்: “அரசன் பயப்படுவதில் என்ன தப்பு? அவனுடைய முதல் மனைவியையும் பிள்ளைகளையும் நெருப்பு மந்திரக்காரர்கள் கொன்றிருக்கிறார்கள். நிஜத்தில் ஒடுக்கப்படுகிறவர்கள் கையில் நெருப்பு கிடையாது. கையில் நெருப்பைக் கொடுத்துவிட்டு, இவர்களைப் பார்த்துப் பயப்படுவது அநியாயம் என்றால் எப்படி?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நிராயுதபாணிகளான கறுப்பினத்தவர்களைப் போலீஸ் சுட்டதைப் பார்த்து அழுதுதான் இதை எழுதினேன் என்று ஆசிரியரே கடைசியில் குறிப்பு வைத்திருக்கிறார். அப்படியானால் அண்ணன் கேட்டது இன்னும் கனமான கேள்வி. சேலத்தில் இல்லை, அமெரிக்காவின் சேலமில், 1692இல் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களில் யாருக்கும் எந்தச் சக்தியும் கிடையாது. இங்கே கதை அப்படி இல்லை.

கடைசியில் அங்கே இருந்ததிலேயே சின்னப் பெண், ப்ளஸ் டூ படிக்கிறவள், கையைத் தூக்கினாள். “மந்திரம் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்போ வரி கட்டுறவங்க யாருக்கும் நெருப்பு வராது. ஸெலிக்கு அப்போ ஆறு வயசு. அரசன் பயந்தது சரின்னே வச்சுக்குவோம், பயம் போன பிறகும் ஏன் விடல?” அண்ணன் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். “அப்ப மந்திரம் திரும்பி வந்தா அவன் பயமும் நியாயமாயிடுமே” என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

* * *

அந்தப் பெண் சொன்னதை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். “இதைத்தானே நானும் ஒரு மாசமா சொல்றேன்” என்றாள். சத்தியமாகச் சொல்லவில்லை. கட்டைவிரல் சோதனையையும் செய்து பார்த்தோம். அவள் ஏழுக்கு ஏழு. நான் இரண்டு. இனான் பேசும்போது எப்போதும் தன்னை அடக்கிக்கொண்டே பேசுவான், அது கூடவா தெரியவில்லை என்கிறாள். நாலாவது முறையாக முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பாத்திரம் தேய்த்தவர், நீங்கள் திரும்பி வந்து முடித்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?