நடுநிலை மிதப்பா, சமமிதப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மாணவர் போட்டிக்காக எங்கள் பிள்ளைகள் உருவாக்கிவரும், ஆள் இயக்காமல் தானே இயங்கும் தன்னாட்சி நீர்மூழ்கி ஊர்தி பற்றிய தமிழ் அறிக்கையில், ஊர்தி மேலே எழாமலும் கீழே அமிழாமலும் விட்ட ஆழத்திலேயே நிற்பதை 'நடுநிலை மிதப்பு' என்று குறித்திருந்தார்கள். அதையே ஏற்கலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. நடுநிலை என்பது பக்கம் சாராமையைக் குறிக்கும் சொல். இங்கே நடப்பதோ ஊர்தியின் எடையும் அது விலக்கிய நீரின் எடையும் சரிக்குச் சரியாக இருப்பது. ஆகவே 'சமமிதப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சென்ற மாதம் காட்பாடிக்கு அருகில் ஒரு விவசாயக் கிணற்றில் ஊர்தியை இறக்கிப் பார்த்தோம். கடைசிப் படியில் அமர்ந்திருந்த மாணவி தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் கட்டக் கட்ட, நீருக்கு மேல் தெரிந்த மஞ்சள் முதுகு சிறுகச் சிறுக மறைந்தது. பிறகு கையால் இரண்டு முழம் அமுக்கி விட்டதும் அது அங்கேயே நின்றது. மோட்டார் போட வந்த கிணற்றுக்காரர், "அந்தரத்துல நிக்குதே!" என்றார். உயிருள்ள சொல் அது, பேச்சில் நிலைக்கட்டும். ஆனால் கூடுதலையும் குறைவையும் சொல்லும் இனச்சொற்கள் அதிலிருந்து பிறப்பதில்லை. 'இடைநிற்பு' என்றாலோ பள்ளியைப் பாதியில் விட்ட குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இனச்சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். இத்தகைய ஊர்திகளுக்காக அமெரிக்காவில் நடக்கும் ரோபோசப் என்ற மாணவர் போட்டியின் விதி, அவசர நிறுத்த விசையை இழுத்ததும் ஊர்தி தானே மேலே வந்துவிடும்படி, அதன் எடையில் குறைந்தது 0.5 விழுக்காடு அளவுக்கு மிதப்பு மிகுந்திருக்க வேண்டும் என்கிறது. எங்கள் 18 கிலோ ஊர்திக்கு அது 90 கிராம். இதனை 'மிகைமிதப்பு' என்றும், அமிழும் நிலையைக் 'குறைமிதப்பு' என்றும் சொன்னால் மூன்றும் ஒரே குடும்பமாகின்றன. நேர்மிதப்பு, எதிர்மிதப்பு என்பவை கணக்கில் பொருந்தினாலும், 'எதிர்மிதப்பு' என்று படிப்பவருக்கு அமிழ்தல் தோன்றாது.

மிதப்பு என்றாலே நீர்மேல் கிடப்பதுதானே என்ற தடை நியாயமானது. எனினும் மூழ்கிய கல்லின் மீதும் மிதப்பு விசை செயல்படுகிறது என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்தப் பொருள் ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

சொல் வேலை செய்கிறதா என்று ஒரு வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல் என்பதால், வேலூர்க் கிணற்றில் சமமிதப்பில் நின்ற அதே ஊர்தி சென்னைக் கடலில் மிகைமிதப்புக் கொள்ளும். சட்டத்தில் கட்டும் ஈயமும் சிறிது நீரை விலக்கும் என்பதால், அதனை மீண்டும் சமமிதப்புக்குக் கொண்டுவர ஏறத்தாழ 500 கிராம் ஈயம் சேர்க்க வேண்டும்.

மாணவர்கள் அடுத்த வாரம் அறிக்கையை முடிக்கிறார்கள். மறுப்பு இருப்பின் அதற்குள் எழுதுங்கள்.